இடது பேக் சன்னாசி

மலாயாவில் புக்கிட் செராயா ரப்பர்த் தோட்டத்துப் பந்தாட்ட அணியில் இடது பேக்காக, கோலின் இடப்பக்கம் காப்பவனாக, ஆடிய சன்னாசிக்குக் கால் உடைந்தது, போர் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னால். 1941 நவம்பரின் கடைசி ஞாயிறு. கெமாஸ் ரயில்வே அணியோடு ஆட்டம். காலையிலிருந்து மழை. கோல் கம்பத்துக்கு முன்னால் புல்லே இல்லை, வெறும் சேறு. ரயில்வேயின் வலது விங்கர் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். சன்னாசி சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளினான். பின்னால் ஓடிவந்த இன்னொருவனுக்கு நிற்க முடியவில்லை. அப்படியே சன்னாசியின் கால்மேல் விழுந்தான். அவன் பூட்ஸ் போட்டவன். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வெறுங்கால்.

எலும்பு ஒடிந்த சத்தம் வேடிக்கை பார்த்தவர்களுக்கே கேட்டது. சன்னாசி படுத்தபடி கேட்டது ஒன்றுதான்.

"பந்து வெளிய போச்சா?"

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவனுக்கு அந்த மூன்று மாதம் கிடைக்கவில்லை. ஜனவரியில் கெமாஸ் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்டது. வெள்ளைக்காரத் துரை ஒரு காலையில் மோட்டாரில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. வரிசை வீட்டு லயத்துச் சனம் சட்டி பானைகளோடு தோட்டத்தின் கடைசி மரப்பகுதியான தீம்பாரைத் தாண்டிக் காட்டுக்குள் போனது. சன்னாசியை ஒரு கதவுப் பலகையில் படுக்கவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் வீரமுத்து. காட்டில் விடாத மழை. மாவுக்கட்டு ஊறிப் பிட்டுப் பிட்டாக உதிர்ந்தது. எல்லோரும் லயத்துக்குத் திரும்பியபோது எலும்பு கூடியிருந்தது, கோணலாக. பாதம் வெளிப்பக்கம் பார்த்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கியபோது சன்னாசியின் இடத்தில் வீரமுத்து ஆட ஆரம்பித்தான். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. தோட்டத்தில் ஏற்கனவே இருந்த வழக்கம் அது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் காய்ச்சலில் படுத்தால் அவனுடைய நிரையை, மர வரிசையை, வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். பெண்சாதியோ பக்கத்து வீட்டுக்காரனோ கத்தியை எடுத்துக்கொண்டு போவார்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, படுத்திருப்பவனின் பேருக்கு இவர்கள் குரல் கொடுப்பார்கள். பதில் ஆள் என்று பேர். உடம்பு தேறியவன் ஒரு காலையில் வந்து வரிசையில் தன் இடத்தில் நிற்பான். பதில் ஆள் விலகிக்கொள்வான். கேட்பதும் கிடையாது, சொல்வதும் கிடையாது. சன்னாசியின் நிரைக்கு அவன் மனைவி பஞ்சாலை பதில் ஆளாகப் போனாள். பந்தாட்ட அணிக்கும் இதே வழக்கம்தான். பதினொரு பேர். விழுந்தவனுக்கு ஒரு பதில் ஆள். அதற்கு மேல் ஓர் ஆளை ஒதுக்கி உட்காரவைக்கும் பழக்கம் அந்தத் தோட்டத்தில் என்றைக்குமே இருந்ததில்லை.

வீரமுத்து ரப்பர்த் தகடு காயவைக்கும் புகைக்கொட்டகையில் வேலை பார்த்தவன். சன்னாசியைவிட வயதில் இளையவன். நல்ல ஓட்டம், அதைவிட நல்ல வாய். அவன் ஆட்டத்தைப் பற்றிச் சன்னாசிக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. "பாயத் தெரியும். நிக்கத் தெரியாது" என்பான்.

கோணல் காலை அப்படியே விட்டால் ஆயுளுக்கும் நொண்டி என்பது சன்னாசிக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், எலும்பு பார்க்கும் மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் வந்து காலைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் உடைத்துத்தான் கட்ட வேண்டும் என்றார். பஞ்சாலை தோளைப் பிடித்துக்கொண்டாள். வீரமுத்து காலைப் பிடித்துக்கொண்டான். வாயில் ஒரு ரப்பர்த் துண்டை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். இந்த முறை சன்னாசி எதையும் கேட்கவில்லை. மயங்கிப்போனான்.

அதற்கப்புறம் எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது. மூங்கில் பத்தைக்குள் கட்டிய கால், பலகைமேல் பல மாதம் கிடந்தது. பிறகு கக்கத்தில் கவட்டைக் கம்பு. முதலில் வாசல் வரை. பிறகு பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை. பிறகு கம்பு போய்க் கைக்குச்சி வந்தது. அரிசி என்பது பேச்சில் மட்டும் இருந்த காலம். மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. கெண்டைக்காலில் ஒட்டியிருந்த கொஞ்சச் சதையும் வற்றிப்போய், தோலும் எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தன.

"அண்ணே, இந்தக் காலைக் கொல்லையில நட்டு வைப்போம்லா" என்று வீரமுத்து ஒருநாள் சொன்னான். "மரவள்ளிக் குச்சி மாதிரிதான் இருக்கு. தழைஞ்சாலும் தழையும்."

"தழைஞ்சா மொதக் கிழங்கு ஒனக்குத்தான்டா" என்றான் சன்னாசி.

அப்போது சிரிக்க முடிந்தது.

1943-ல் தோட்டத்துக்கு மொரிமோட்டோ என்ற ஜப்பான்காரத் துரை வந்தார். குள்ளம், வழுக்கை, பந்தாட்டத்தில் பைத்தியம். ரப்பரை வாங்க ஆளில்லாமல் பாதித் தோட்டம் லாலான் புல் மண்டிக் கிடந்தது. அது அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. பந்து ஓட்டையாகிவிட்டது என்றதும் அன்றைக்கே புகைக்கொட்டகையில் போய் நின்று, ரப்பர்த் தகட்டை ஒட்டி உள்பை செய்யவைத்தார். கெமாஸில் ரயில்வேக்காரர்களும் ஜப்பான்காரர்களின் கிட்டங்கியில் வேலை செய்தவர்களும் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த ஓர் அதிகாரியை ஜெயிக்க வேண்டும் என்பதுதான் மொரிமோட்டோவின் ஆசை.

சில வாரங்களில் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதம்தான், அரிசிச் சோறு, நல்ல சம்பளம் என்றார்கள். மொரிமோட்டோ பெரட்டில் வந்து நின்று மலாயில் ஒரு வரி சொன்னார். பந்தாட்ட அணி தோட்டத்திலேயே இருக்கும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ராமகிருஷ்ணன்தான் அணியையும் பார்த்துக்கொண்டவர். அவர் அணியின் பேர்களைக் கூப்பிட்டு ஆட்களை முன்னால் நிறுத்தினார். "சன்னாசி" என்று கூப்பிட்டபோது வீரமுத்து முன்னால் வந்தான். பதினொரு பேர் ஆனதும் கிராணி நிறுத்திக்கொண்டார்.

முதல் தடவை போனவர்கள் தாங்களாகவே போனார்கள். அவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அவர்கள் போன பாதையில் திரும்பி வந்தவை காலி ரயில் பெட்டிகள் மட்டுந்தான். இரண்டாம் தடவை ஆட்களைப் பிடித்தார்கள். சிலர் காட்டுக்கு ஓடினார்கள். ஓடியவர்களின் பெண்சாதிகளை லாரியில் ஏற்றியதும் ஓட்டம் நின்றது. அந்த முறை சன்னாசி குச்சியை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றான். சிப்பாய் ஒருவன் வந்து குச்சியைக் காலால் தட்டிவிட்டான். சன்னாசி பொத்தென்று விழுந்தான். சிப்பாய் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

சன்னாசி உண்மையில் விழ வேண்டியிருக்கவில்லை. கால் அதற்குள் அவ்வளவு தேறியிருந்தது.

ஆட்கள் வேலைக்குப் போகாத கடைசித் தீம்பாரில், லாலான் நடுவில், அவன் தனியாகப் பழகிக்கொண்டிருந்தான். மரத்தில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்துச் சுற்றி ஒரு பந்து செய்திருந்தான். முதலில் நடை, பிறகு மரத்துக்கு மரம் ஓட்டம். பந்தை வலது காலால் உதைத்தான். உடைந்த இடது காலை நம்பிப் பந்தில் வைக்க மனம் துணிய நாளானது. வைத்தான். வலி இடுப்பு வரை ஏறியது. மறுநாளும் வைத்தான்.

ஒரு மாலை மரத்துக்குப் பின்னாலிருந்து வீரமுத்து வந்தான்.

"எத்தன நாளாண்ணே?"

"கொஞ்ச நாளா."

"குச்சி எங்க?"

"அந்தா, சாத்தி வச்சிருக்கேன்."

"பாவம் அது. ஒங்கள இந்தக் கோலத்துல பார்த்தா அதுக்கே வெக்கமா இருக்கும்."

வீரமுத்து கைலியை மடித்துக் கட்டினான். "பந்த எடுத்துக்கிட்டு வாங்க. என்னத் தாண்டிப் போங்க பார்ப்போம்."

இரண்டு நிரைகளுக்கு நடுவே சன்னாசி பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். வீரமுத்து பாய்ந்தான். பந்தைத் தொடவே இல்லை. நேராக இடது காலில், உடைந்த அதே இடத்தில், முழு வேகத்தோடு விழுந்தான். சன்னாசி சருகில் உருண்டான். வீரமுத்து எழுந்து மேலே நின்று பார்த்தான்.

"எந்திரிங்க."

சன்னாசி மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காலை ஊன்றினான். நின்றது.

"கூடியிருச்சி" என்றான் வீரமுத்து.

"ஒடைக்கத்தானேடா வந்தே?"

"ஒடையுதான்னு பார்க்க வந்தேன்." கைலியில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டான். "ஒடஞ்சிருந்தா நான் ஒண்ணும் அழுதிருக்க மாட்டேன்ணே."

மறுநாள் மாலை அவன் மறுபடியும் வந்தான். இந்த முறை புகைக்கொட்டகையிலிருந்து பழைய தோல் பந்தை எடுத்து வந்திருந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். சன்னாசி ஆடாத காலத்தில் கெமாஸ் அணியோடு மூன்று தடவை ஆடியவன் அவன். சன்னாசிக்குக் கால் உடைந்த ஆட்டத்தில் வந்த அந்த வலது விங்கர் இன்னும் அங்கேதான் ஆடினான். வீரமுத்து அந்த விங்கரைப் போலவே பந்தைக் கொண்டுவந்து காட்டினான்.

"கண்ண வெளிப் பக்கம் காட்டுவான். ஒடம்பும் வெளியத்தான் சாயும். நம்பிராதீங்க. உள்ளதான் வெட்டுவான். நான் ரெண்டு வாட்டி ஏமாந்தேன்."

"நீ பாயிறே. அதான் ஏமாந்தே. நிக்கணும்."

"சரி, நீங்கதான் நில்லுங்களேன், பார்க்கிறேன்."

விஷயம் லயத்துக்கு எட்டியது. வீரமுத்துவின் மனைவி மயிலம்மாளுக்கு அது ஆறாம் மாதம். அவள் வாசலில் நின்று புருஷனைக் கேட்டது நாலு வீட்டுக்குக் கேட்டது.

"ஒன் கழுத்துக்குக் கயித்த நீயே திரிச்சிக் குடுக்கிறியா? அந்தாளு எந்திரிச்சா நீ எங்க போவேன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு?"

"அவரு எடம் அது. என்னை என்ன செய்யச் சொல்றே?"

"காலைப் புடிச்சி மறுபடி ஒடைக்கச் சொல்றேன்!"

வீரமுத்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இதில் எல்லோரும் ஒரே ஒரு நினைப்போடு இருந்தார்கள். சன்னாசியின் கால் சரியாகாத வரை இரண்டு பேருமே தோட்டத்தில் இருக்கலாம். ஒருவன் அணியில், ஒருவன் குச்சியோடு. அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது கால் அல்ல, மூன்றாவது உத்தரவு. இந்த முறை நொண்டி, காய்ச்சல்காரன் என்று பார்க்க வேண்டாம். தானாக நடந்து ரயிலடிக்கு வரக்கூடிய எவனும் போகலாம். சமையல் கொட்டகைக்கும் ஆள் தேவைப்பட்டது. ஞாயிறு காலை கெமாஸில் ஒப்படைக்க வேண்டும். அதே ஞாயிறு மாலைதான் கெமாஸ் அணியோடு ஆட்டமும்.

உத்தரவு வந்த அன்று பஞ்சாலை தங்கள் பெண் குழந்தைக்குக் கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நிக்கப் போறியா இல்லியாய்யா?"

"முத்து போயிருவானே."

"நீ நிக்கலேன்னா நீ போயிருவே."

"மயிலம்மா மாசமா இருக்கா."

"நான் ஒண்ணும் இவள வயித்துல வச்சிக்கல, கையில வச்சிருக்கேன். அதுக்காக?" குழந்தையின் வாயைத் துடைத்தாள். "எடம் ஒன்னோடது. திருடப் போகல. தட்டிப் பறிக்கப் போகல. போய் நில்லு. அவ்வளவுதான்."

சனிக்கிழமை பெரட்டில் கிராணி ராமகிருஷ்ணன் அணியின் பேர்களைக் கூப்பிட்டார். "சன்னாசி" என்றார். வீரமுத்து ஒரு காலை எடுத்து வைத்தான். பின்னாலிருந்து குச்சி இல்லாமல் சன்னாசி நடந்து வந்து வரிசையில் நின்றான். வீரமுத்து எடுத்துவைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கிராணி அடுத்த பேரைக் கூப்பிட்டார். மொரிமோட்டோ தூரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் இதைப் பார்க்கவே இல்லை. முழுவதும் நடந்து முடிய ஒரு பேர் கூப்பிடும் நேரம்தான் ஆனது.

கெமாஸ் திடல் ரயில் பாதையை ஒட்டியது. ஞாயிறு காலையே அனுப்ப வேண்டிய பெட்டிகள் மாலை வரை போகவில்லை. எஞ்சின் வரவில்லை. தகரச் சரக்குப் பெட்டிகள் பக்கத் தண்டவாளத்தில் வெயிலில் கிடந்தன. உள்ளே சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள், கெமாஸ் தெருவில் பிடிபட்டவர்கள். திடல் பக்கக் கதவுகள் காற்றுக்காகத் திறந்திருந்தன. கதவுக்கு ஒரு சிப்பாய்.

அன்றைக்கு அந்த ஆட்டத்துக்கு வந்த கூட்டம் அதுதான். ஊர்க்காரர்கள் பயந்து வீட்டுக்குள் இருந்தார்கள். ஜப்பான் அதிகாரிகளுக்கு நாற்காலி போட்டிருந்தது. மற்றபடி பார்த்தது பெட்டிகளில் இருந்தவர்கள்தான். அணி திடலுக்குள் இறங்கியதும் அங்கிருந்து விசில் பறந்தது. மீரா சாஹிப்பின் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் ஜபருல்லாவும் ஒரு பெட்டியில் இருந்தான். புக்கிட் செராயாவின் எல்லா ஆட்டத்துக்கும் வந்து கத்துகிறவன். முந்தின நாள் தேநீர்த் தட்டோடு தெருவைத் தாண்டியபோது பிடிபட்டவன். வீரமுத்துவும் அதே பெட்டிக் கதவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

முதல் பாதியில் சன்னாசி பெட்டிகளுக்கு எதிர்ப்பக்கம் ஆடினான். பந்து வரக்கூடாது என்று அவன் விரும்பியது நடையிலேயே தெரிந்தது. வந்தது. விங்கரோடு மோதினான், இடது காலில் வாங்கிக்கொண்டான், கால் நின்றது. அதற்குப்பிறகு கொஞ்சம் நிமிர்ந்தான். இரண்டாவது முறை அந்த விங்கர் அவனைத் தாண்டிப் போனான். கெமாஸ் ஒரு கோல் போட்டது. பெட்டிகளிலிருந்து வந்த வசவு அதிகாரிகளுக்குப் புரியாத மொழியில் இருந்ததால் யாருக்கும் அடி விழவில்லை.

இடைவேளையில் மொரிமோட்டோ நேராகக் கிராணியிடம் வந்தார். எதிர்ப்பக்கம் கெமாஸ் அணியின் மூன்று ஆட்கள் ஆடாமல் புல்லில் படுத்துக்கிடந்தார்கள். அவர்களைக் காட்டி மலாயில் கேட்டார்.

"உன் ரிசர்வ் ஆட்கள் எங்கே?"

"எங்களுக்கு இல்லை துவான். பதினொரு பேர்தான்."

"அணி என்றுதானே சொன்னேன். பதினொன்று என்று நான் சொன்னேனா?"

கிராணி பதினொரு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை நாள் ஆடினானே, இன்னொரு பேக். அவன் எங்கே?"

கிராணி பெட்டியைக் கை காட்டினார்.

மொரிமோட்டோ திடலைக் கடந்து பெட்டிக்கே போனார். காவலுக்குப் பொறுப்பான சிப்பாயிடம் வீரமுத்துவைச் சுட்டிக்காட்டிப் பேசினார். சிப்பாய் அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். மொரிமோட்டோ திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. ராணுவத்திடம் எண்ணிக்கையை ஒப்படைத்தாகிவிட்டது, தன்னால் குறைக்க முடியாது என்றார். ஒருவன் இறங்க வேண்டுமானால் ஒருவன் ஏற வேண்டும். சொல்லிவிட்டுப் பதினொரு பேரையும் பார்த்தார்.

கிராணி ராமகிருஷ்ணன் எதையும் குறைத்துச் சொல்லத் தெரியாத மனிதர். அதை அப்படியே தமிழில் சொன்னார்.

யாரும் நிமிரவில்லை. பத்துப் பேர் புல்லைப் பார்த்தார்கள். சன்னாசி இடது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தான். முந்தின நாள் பெரட்டில் அவன் செய்தது வழக்கம். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் காலைத் தேற்றியது. இந்த இடைவேளைக்குத்தான் எந்த வழக்கமும் இல்லை. துணியை மெதுவாகச் சுற்றினான். முடிச்சுப் போட்டான். முடிச்சைப் பிரித்து இன்னும் இறுக்கமாகப் போட்டான். விசில் ஊதினார்கள். சன்னாசி எழுந்து திடலுக்குள் போனான்.

பக்கம் மாறியதால் இரண்டாம் பாதியில் அவன் பெட்டிகளின் ஓரமாக ஆட வேண்டியிருந்தது. வீரமுத்துவின் குரல் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"அண்ணே! பாயாதீங்க, நில்லுங்க! நீங்க சொன்னதுதானே!"

விங்கர் வந்தான். கண்ணை வெளியே காட்டினான், உடம்பு வெளியே சாய்ந்தது.

"உள்ள! உள்ள வெட்டுவான்!"

சன்னாசி நின்றான். விங்கர் உள்ளே வெட்டினான். பந்து சன்னாசியின் இடது காலில் வந்து அடித்து நின்றது. பெட்டிகள் அதிர்ந்தன. தகரத்தைக் கையால் அடித்தார்கள். சிப்பாய்கூடத் திரும்பிப் பார்த்தான். "கால் எப்படியிருக்கு பார்த்தியாடா பாய்! நான் பழக்கின கால்லா!" என்று வீரமுத்து ஜபருல்லாவின் முதுகில் அறைந்தது திடல் வரை கேட்டது.

எஞ்சின் வந்து முட்டியபோது பெட்டிக்குள் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்கள். வீரமுத்து இருந்த கதவைச் சாத்தும்வரை அவன் கத்திக்கொண்டிருந்தான். சாத்திய பிறகும் உள்ளேயிருந்து ஏதோ கேட்டது. சன்னாசி திரும்பவில்லை. பந்து அவன் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

ரயில் போன பிறகு திடலில் ஆடுகிறவர்களின் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் புக்கிட் செராயா ஒரு கோல் போட்டது. கைதட்டியவர் மொரிமோட்டோ ஒருவர்தான். ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளையில் நடந்ததை அன்றைக்கே லயம் முழுவதும் தெரிந்துகொண்டது. மயிலம்மாள் வந்து சண்டை போடுவாள் என்று பஞ்சாலை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அவள் வரவில்லை. பீலிக்கரையில் பஞ்சாலை குடத்தோடு வந்தால் மற்றப் பெண்கள் பேசாமல் வழிவிட்டார்கள். பிள்ளை பெற்ற கையோடு மயிலம்மாள் சிரம்பான் பக்கம் ராசா என்ற ஊரில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஆட்டத்துக்குக் கிராணி பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கடுத்ததற்குப் பதினேழு பேர். மொரிமோட்டோ ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அப்படித் தப்பியவர்கள் பின்னாளில் கிராணியைக் கும்பிட்டார்கள். அவர் அந்தக் கும்பிட்டை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

சன்னாசி எல்லா ஆட்டமும் ஆடினான். காய்ச்சலோடும் ஆடினான், காலில் புண் வைத்துச் சீழ் கட்டியபோதும் ஆடினான். முன்னைவிட நன்றாக ஆடினான் என்பதைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஜப்பான்காரன் சரணடைந்த வாரத்தில் மொரிமோட்டோ பந்தை அணியிடமே விட்டுவிட்டுப் போனார். சன்னாசி அதைத் தொடவில்லை. வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்து அணியைக் கூட்டியபோது கால் சரியில்லை என்று சொல்லிவிட்டான். அது பொய். எல்லோருக்கும் தெரிந்த பொய்.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் 1946-ல் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜபருல்லா வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டுச் சன்னாசி கெமாஸுக்குப் போனான். மீரா சாஹிப் கடையின் உள்பெஞ்சில் அவன் படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே கட்டு. பல் பாதி இல்லை.

"வாங்கண்ணே. ஆட்டம் என்னாச்சு?"

சன்னாசிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "ஒண்ணுக்கு ஒண்ணு" என்றான்.

"கடசில கோல் போட்டீங்களா? முத்து சொன்னான், போடுவாங்கன்னு. கோலாலம்பூர் தாண்டுற வரைக்கும் வண்டில அதே பேச்சுதான்."

"முத்து..."

"வாந்திபேதிண்ணே. போன வருஷத்து மழைக்கு முந்தின மழை. கொட்டாயில படுத்தவங்க யாரும் எந்திரிக்கல."

"என்னமாச்சும் சொன்னானா?"

"அதுல யாருண்ணே பேசுறா." ஜபருல்லா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார முயன்றான். "ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருப்பான். ஒங்கள பார்த்தா கேக்கணும்னு நானும் வச்சிருந்தேன். எடவேளையில ஜப்பான் தொரை எங்க பெட்டிகிட்ட வந்து முத்துவக் காட்டி என்னமோ பேசினானே. எதுக்குண்ணே அது?"

"எறக்கிவிடக் கேட்டான்."

"பெறகு ஏன் எறக்கல?"

"மாத்துக்கு ஒரு ஆளு வேணும்னாங்க."

ஜபருல்லா பெஞ்சில் சாய்ந்தான். சன்னாசியின் காலைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான். "மயிலம்மாகிட்ட யாராச்சும் போய்ச் சொல்லணும்ணே" என்றான்.

சன்னாசி அடுத்த ரயிலில் சிரம்பானுக்குப் போனான். அங்கிருந்து ராசாவுக்கு நடந்தான். மயிலம்மாள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். மூன்று வயதாகப்போகும் பெண் குழந்தை வாளியில் கைவிட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அவள் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் நின்றபடியே சொன்னான். வாந்திபேதி என்றான், மழைக்காலம் என்றான், ஜபருல்லா பார்த்தான் என்றான். அவள் துணியைப் பிழிந்து முடித்துக் கொடியில் போட்டாள். அழுகை வந்ததா என்று முகம் காட்டவில்லை.

"தொரை ஏன் வந்தான்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. கேட்டுக்கிட்டே இருந்தானாம்."

"தெரியாமலே போயிட்டாரா?"

"ஆமா."

"அது நல்லது" என்றாள் மயிலம்மாள். குழந்தையை வாளியிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சன்னாசி வந்த வழியே ரயிலடிக்கு நடந்தான். நல்ல நடை. பார்க்கிறவர்கள் யாரும் அந்தக் கால் ஒருகாலத்தில் உடைந்தது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.